நண்பகல் மணி அடிக்கும்போது…



மாற்கு நற்செய்தியின் முதலாம் அதிகாரத்தில் இயேசுவின் முழு நாளொன்று பதிவாகியிருக்கிறது. அது ஓய்வுநாள், ஆயினும் அவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. காலையில் கப்பர்நாகும் தொழுகைக்கூடத்தில் போதிக்கிறார். போதனையின் நடுவே தீய ஆவி பிடித்த ஒருவர் கூச்சலிட, அவரை விடுவிக்கிறார். அங்கிருந்து சீமோனின் வீட்டுக்கு வந்தால், சீமோனின் மாமியார் காய்ச்சலில் படுத்திருக்கிறார். அவரை எழுப்பிவிட்டுச் சற்று இருக்கலாம் என்றால், பொழுது சாய்ந்ததும் ஊர் முழுவதும் நோயாளரைச் சுமந்துகொண்டு வாசலில் வந்து நிற்கிறது. அன்றிரவு அவர் எப்போது படுத்தார் என்று மாற்கு எழுதவில்லை. எப்போது எழுந்தார் என்பதை மட்டும் எழுதுகிறார். ஊர் விழிக்குமுன், இருட்டோடு எழுந்து, ஆளரவமற்ற ஓரிடத்தைத் தேடிப் போய் அங்கே செபத்தில் இருந்தார் என்கிறார்.

மறையுரைகளில் இப்பகுதியை அதிகாலைச் செபத்திற்கு எடுத்துக்காட்டாகவே நாங்கள் பெரும்பாலும் கையாளுகிறோம். கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. சீமோனும் கூட இருந்தவர்களும் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, எல்லாரும் அவரைத் தேடுவதாகச் சொல்கிறார்கள். முதல்நாள் இரவு வாசலில் நின்ற கூட்டம் காலையிலும் வந்துவிட்டது போலும். திரும்பிப் போய் அவர்களைக் கவனிப்பதே எவரும் எதிர்பார்க்கும் செயல். இயேசுவோ அடுத்த ஊர்களுக்குப் போவோம், அதற்காகவே நான் வந்தேன் என்ற கருத்தில் பதில் சொல்லிப் புறப்பட்டுவிடுகிறார். அந்த இருட்டில் அவர் செபத்தில் இருந்திராவிட்டால், அவருடைய அன்றைய நாளை வாசலில் நின்ற கூட்டமே தீர்மானித்திருக்கும்.

செபிக்காத நாட்களில் நம்மை வழிநடத்துவது யார் என்ற கேள்வியை இப்பகுதி எழுப்புகிறது. நாம் எவருடைய வழிநடத்தலும் இல்லாமல் இருந்துவிடுவதில்லை. முதலில் கதவைத் தட்டியவர் வழிநடத்துகிறார். கைத்தொலைபேசி வழிநடத்துகிறது. நேற்றைய கோபமும் நாளைய பயமும் வழிநடத்துகின்றன. மாலையில் திரும்பிப் பார்த்தால் நாள் முழுவதும் ஓடியிருப்போம். எங்கே போனோம் என்றுதான் தெரியாதிருக்கும்.

விடியற்காலையில் ஒரு மணித்தியாலம் தனிமையில் செபியுங்கள் என்று சொல்வது எளிது. நாலு மணிக்கு எழுந்து சமைத்துப் பொதிகட்டி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து ஆடைத்தொழிற்சாலைக்குப் போகும் ஒரு தாய்க்கு அந்த ஒரு மணித்தியாலம் எங்கே கிடக்கிறது? இரவு கடலுக்குப் போய் விடியக் கரை சேரும் தொழிலாளிக்கு விடியற்காலை என்பது வலை தெரிந்து மீன் விற்கும் நேரம். இரவுக் கடமை முடிந்து வரும் தாதிக்கு அது நித்திரை நேரம். இவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் அறிவுரை பல வேளைகளில் இவர்களுடைய நாளைக் கண்டறியாத அறிவுரையாக இருக்கிறது. அறிவுரை சொல்லும் எங்களுக்கே அது வாய்ப்பதில்லை என்பதையும் ஒளிப்பதற்கில்லை. அதை ஒளிக்காமலே இன்று எழுத விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வடக்கில் ஒரு கரையோரப் பங்கில் பணியாற்றினேன். பங்கின் திருவிழாவுக்கு அன்று கொடியேற்றம். காலைத் திருப்பலி முடிந்த கையோடு பந்தல்காரர் வந்தார், ஒலிபெருக்கிக்காரர் வந்தார், நவநாள் மறையுரைக்கு வருவதாக இருந்த குருவானவர் ஒருவர் வர இயலாது என்று தொலைபேசியில் அறிவித்தார். இடையில் ஒரு மரண அறிவித்தல். கட்டளைச் செபத்தின் காலைப் பகுதியைத் திருப்பலிக்கு முன் வாசித்திருந்தேன். செபித்தேன் என்று எழுதக் கை வரவில்லை. வாசித்தேன் என்பதே சரி.

பத்து மணியளவில் ஒரு தாய் வந்து அறைவீட்டு விறாந்தையில் உள்ள வாங்கில் அமர்ந்திருந்தார். கையில் ஒரு மடித்த கடதாசி. அவரைக் கடந்து மூன்று தடவை போயிருப்பேன். மூன்றாம் தடவை போகும்போது உள்ளத்தில் ஏதோ இடறியது. குரல் எதுவும் கேட்கவில்லை, காட்சி எதுவும் தோன்றவில்லை. இந்தப் பெண்மணியிடம் ஒரு நிமிடம் நின்றால் நல்லது என்று ஒரு சிறு தயக்கம், அவ்வளவே. அவரே எழுந்து, “சுவாமி, ஒரு சின்ன விசயம் கதைக்கோணும்” என்றார். “இண்டைக்குக் கொடியேத்தம் அம்மா. நாளைக்குக் காலமை பூசை முடிய வாங்கோ, ஆறுதலாக் கதைப்பம்” என்றேன். “ஓம் சுவாமி” என்று சொல்லிப் போய்விட்டார்.

பன்னிரண்டு மணிக்குக் கோவில் மணி அடித்தது. அந்த ஆண்டுதான் அதை மின்சாரத்தில் தானாக இயங்கும்படி மாற்றியிருந்தோம். வெளிநாட்டில் வாழும் ஒரு குடும்பத்தின் காணிக்கை அது. ஒரு நிமிடம் முந்தாது, பிந்தாது. எவரும் கயிற்றை இழுக்கத் தேவையில்லை. எவரும் செபிக்கவும் தேவையில்லை என்பது போலவே அது எனக்கு ஆகியிருந்தது. அன்று மணி அடிக்கும்போது பந்தல்காரரோடு காசுக்கணக்குப் பேசிக்கொண்டிருந்தேன். மணிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை என்பதால் இருவரும் குரலை உயர்த்திக்கொண்டோம்.

மறுநாள் அந்தத் தாய் வரவில்லை. வரவில்லை என்பதை நான் கவனிக்கவும் இல்லை. பல மாதங்கள் கழித்தே அந்தக் கடதாசியின் கதை தெரியவந்தது.

2009இல் போர் முடிந்த பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் எப்படிப் பரவியது என்பதை வாசகர்கள் அறிவீர்கள். பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர்கள் பிணை நிற்க, கிழமைதோறும் தவணை கட்டும் முறை. ஒருவர் கட்டத் தவறினால் அந்தச் சுமை மற்றவர்களின் தலையில் விழும். அயலில் உள்ள ஒரு பெண் இரண்டாவது கடன் எடுப்பதற்குப் பிணை நிற்கும்படி இந்தத் தாயைக் கேட்டிருக்கிறார். அன்று பின்னேரம் கையெழுத்து வைக்கவேண்டும். இவருடைய மனம் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. கேட்டவரோ ஒரே கோவிலுக்கு வருபவர், ஒரே அன்பியத்தில் கூடிச் செபிப்பவர். உதவி கேட்டவருக்கு முகத்தைத் திருப்புவது பாவமாகுமோ என்று என்னிடம் கேட்டுத் தெளிவதற்கே அவர் வந்திருக்கிறார். ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. பாவமில்லை அம்மா, உங்கள் பிள்ளைகளின் சோற்றைப் பிணை வைக்க எந்தக் கட்டளையும் உங்களைக் கேட்கவில்லை என்று சொல்லியிருப்பேன்.

அவர் கையெழுத்து வைத்தார். கடன் எடுத்தவர் சில மாதங்களில் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். இவருடைய தோடு முதலில் அடகுக்குப் போயிற்று; பின்பு பசுமாடு விலைக்குப் போயிற்று. மூத்த மகள் உயர்தரப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டுக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். இவற்றையெல்லாம் சொன்ன அந்தத் தாய் என்மீது ஒரு குறையும் சொல்லவில்லை. “அண்டைக்கு உங்களுக்கும் அவசரம் தானே சுவாமி” என்று மட்டும் சொன்னார். குறை சொல்லியிருந்தால் சற்றுத் தாங்கியிருக்கலாம்.

அதன்பின் யோசுவா நூலின் ஒன்பதாம் அதிகாரம் மீண்டும் மீண்டும் மனத்தில் வந்தது. எரிகோவுக்கும் ஆயி நகருக்கும் நேர்ந்ததைக் கேள்வியுற்ற கிபயோன் மக்கள் உயிர்தப்ப ஓர் உபாயம் செய்கிறார்கள். தேய்ந்த செருப்பு, கிழிந்து தைத்த திராட்சை இரசத் தோற்பை, பூஞ்சணம் பிடித்த அப்பம் ஆகியவற்றோடு வந்து, வெகு தூரத்து நாட்டிலிருந்து வருகிறோம், எங்களோடு உடன்படிக்கை செய்யுங்கள் என்கிறார்கள். இஸ்ரயேலின் தலைவர்கள் அப்பத்தை எடுத்துப் பார்க்கிறார்கள். சான்று கையிலேயே இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆண்டவரிடம் அவர்கள் கேட்கவில்லை என்று திருநூல் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறது. மூன்று நாட்களில் வந்தவர்கள் அயலவர் என்பது வெளியாகிறது.

என்னை இங்கே நிறுத்தியது அவர்கள் ஏமாந்தது அன்று. ஏமாந்த பின் நடந்தது. ஆணையிட்டுக் கொடுத்த வாக்கை யோசுவா மீறவில்லை. கிபயோனியர் உயிரோடு விடப்பட்டு, ஆண்டவரின் பீடத்திற்கு விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் அமர்த்தப்படுகிறார்கள். அடுத்த அதிகாரத்தில் ஐந்து அரசர்கள் கிபயோன்மீது படையெடுத்து வரும்போது, இதே யோசுவா இரவோடிரவாக நடந்துபோய் அவர்களைக் காப்பாற்றுகிறார். கேளாமல் செய்த முடிவுக்குள்ளேயும் கடவுள் அவர்களைக் கைவிடவில்லை. ஆனால் அந்த முடிவு இல்லாமலும் போகவில்லை. அதன் சுமையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கவேண்டியிருந்தது. தவணை கட்டும் தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்த ஆண்டுத் தியானத்தின்போது இதை வயதில் மூத்த குருவானவர் ஒருவரிடம் சொன்னேன். பாவத்தின் தன்மை பற்றியோ ஆயனின் கடமை பற்றியோ அவர் எதுவும் பேசவில்லை. “பன்னிரண்டு மணிக்கு மணி அடிச்சதோ தம்பி?” என்று கேட்டார். அடித்தது என்றேன். “அந்த அம்மா எத்தினை மணிக்குக் கையெழுத்து வச்சவ?” பின்னேரம் என்றேன். அவர் மேலும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் சொல்லாமல் விட்டதை நான் விளங்கிக்கொள்ளச் சிறிது நேரம் எடுத்தது. பத்து மணிக்கு நான் தவறியது தவறுதான். ஆனால் பன்னிரண்டு மணிக்கு அந்தத் தவறு திருத்தக்கூடியதாக இருந்தது. மணி அடிக்கும்போது இரண்டு நிமிடம் மௌனமாக நின்று காலைப்பொழுதைத் திரும்பிப் பார்த்திருந்தால், வாங்கில் இருந்த அந்த முகமும் கையில் மடித்திருந்த கடதாசியும் நினைவுக்கு வந்திருக்கும். பீடப் பணியாளச் சிறுவன் ஒருவனை அனுப்பி அவரை அழைத்திருக்கலாம். இறைவன் காலையில் என்னை வழிநடத்த முயன்றார். நண்பகலில் இரண்டாம் தடவை முயல அவருக்கு இடம் இருந்தது. இரவு படுக்குமுன் செய்யும் ஆன்ம சோதனை மன்னிப்புக் கேட்க உதவுகிறது. நண்பகலில் செய்வதோ நாளின் மறுபாதியை மீட்டுத் தருகிறது.

இது நான் கண்டுபிடித்த உண்மை அல்ல. குருமடத்தில் எங்களுக்குக் கற்றுத்தரப்பட்டதே. மதிய உணவுக்கு முன் சிற்றாலயத்தில் சில நிமிடங்கள் மௌனமாக அமர்ந்திருப்போம். பசியோடு இருக்கும் இளைஞர்களுக்கு அந்த நிமிடங்கள் சோற்றின் வாசனையிலேயே கழிந்தன என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

லொயோலா புனித இஞ்ஞாசியார் தமது ஆன்மீகப் பயிற்சிகள் நூலில் இதற்கு முறை வகுத்திருக்கிறார். அந்நூலுக்குத் திருச்சபையின் அங்கீகாரம் 1548இல் கிடைத்தது. அதன் விதை 1521இலேயே விழுந்துவிட்டது. அவ்வாண்டு பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, பிறந்த வீட்டில் மாதக்கணக்காய்ப் படுத்திருந்தார் அந்தப் போர்வீரர். வாசிக்கக் கேட்ட வீரக்கதைகள் கிடைக்கவில்லை. கிறிஸ்துவின் வாழ்வும் புனிதர்களின் வரலாறுமே கிடைத்தன. படுக்கையில் இருந்தபடி இரண்டு விதமாய்க் கனவு கண்டார். அரசவையில் ஒரு சீமாட்டிக்குச் சேவை செய்து பெயர் வாங்குவது ஒன்று. பிரான்சிஸ்குவைப் போல, தோமினிக்குவைப் போல வாழ்வது மற்றொன்று. இரண்டுமே நினைக்கும்போது இனித்தன. நினைத்து முடித்த பின்னர்தான் வேறுபாடு தெரிந்தது. முதலாவது மனத்தை வறட்சியாக விட்டுப் போயிற்று. இரண்டாவது போன பின்னும் மகிழ்ச்சி தங்கியிருந்தது. இதைக் கண்டுகொண்ட இடத்திலிருந்தே அவருடைய மனமாற்றம் தொடங்கியது.

கவனியுங்கள். இறைவனின் வழிநடத்தலை இஞ்ஞாசியார் முன்னே பார்த்துக் கண்டறியவில்லை. பின்னே பார்த்துக் கண்டறிந்தார். நாமோ செபத்தில் எப்போதும் முன்னையே பார்க்கிறோம். ஆண்டவரே, இந்த வேலை கிடைக்குமா? இந்தச் சம்பந்தம் சரிவருமா? பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா? இவை கேட்கவேண்டிய கேள்விகளே. ஆனால் இவற்றுக்கான பதில் கடந்துவந்த காலைப்பொழுதில் ஏற்கெனவே பாதி எழுதப்பட்டிருக்கக்கூடும். எந்தப் பேச்சுக்குப் பின் மனம் அமைதியாய் இருந்தது? எந்தச் சம்மதத்தைக் கொடுத்த பின் நெஞ்சு அடைத்தது? யாரைக் கண்டும் காணாதது போல் கடந்தோம்?

எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்கு: மணி கேட்டதும், அல்லது கேட்கவேண்டிய நேரம் வந்ததும், செய்யும் வேலையை ஓரிரு நிமிடங்கள் நிறுத்துங்கள். நிறுத்த முடியாத வேலையானால் கையை வேலையில் விட்டு மனத்தை மட்டும் நிறுத்துங்கள். கறி வதங்கும்போது அது முடியும், பஸ்ஸில் நின்றபடியும் முடியும். காலையில் கிடைத்த ஒரு நன்மைக்கு நன்றி சொல்லுங்கள். தெளிந்த கண்ணைத் தரும்படி தூய ஆவியானவரிடம் கேளுங்கள். விழித்தது முதல் அந்நேரம் வரை நடந்தவற்றை மணித்தியாலம் மணித்தியாலமாய் ஓடவிடுங்கள். எங்கேயாவது இடறும். இடறிய இடத்தில் நின்று, மன்னிப்பு வேண்டுமானால் மன்னிப்பும், அறிவு வேண்டுமானால் அறிவும் கேளுங்கள். பின்னேரத்தில் செய்யவேண்டிய ஒன்றைத் தீர்மானியுங்கள். ஒன்று போதும். ஏழெட்டுத் தீர்மானம் எடுப்பவர் ஒன்றையும் செய்வதில்லை. இதை அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

அந்த மணிக்கே ஒரு வரலாறு உண்டு. 1456இல், துருக்கியப் படையெடுப்பு ஐரோப்பாவை அச்சுறுத்திய வேளையில், திருத்தந்தை மூன்றாம் கலிஸ்து நண்பகலில் மணி அடித்து மக்களைச் செபிக்கச் செய்யுமாறு கட்டளையிட்டார். அச்சத்தில் பிறந்த மணி அது. பின்னாளில் காலை, நண்பகல், மாலை என மூவேளைச் செபமாக அது நிலைபெற்றது. எங்கள் அம்மம்மாமார் திரிகாலச் செபம் என்று சொல்லி, எங்கே நின்றாலும் அங்கேயே நின்று செபித்ததை நாற்பது வயதைக் கடந்தவர்கள் கண்டிருப்பீர்கள். வீதியில் மீன் கூடையோடு போகும் பெண் கூடையை இறக்காமலே நின்று செபிப்பார்.

அந்தச் செபத்தின் பொருளும் வழிநடத்தல் பற்றியதே. வானதூதர் வந்தபோது மரியா கலங்கினார் என்கிறார் லூக்கா. கலங்கிய மரியா ஒரு கேள்வி கேட்டார். இது எவ்வாறு நடக்கும் என்ற பொருளில் கேட்டார். எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைக்கவில்லை. அடுத்த அடிக்குப் போதிய வெளிச்சம் மட்டும் கிடைத்தது. அதில் அவர் சம்மதம் கொடுத்தார். யோசேப்பு என்ன நினைப்பார், ஊர் என்ன சொல்லும் என்பவற்றுக்கெல்லாம் பதில் வாங்கிய பின் கொடுத்த சம்மதம் அல்ல அது. நாளொன்றுக்கு மூன்று தடவை திருச்சபை நம்மை அந்த இளம்பெண்ணின் அருகில் கொண்டுபோய் நிறுத்துகிறது. நாம் ஒலிபெருக்கிக்கு மேலாகக் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நண்பகல் வரும் வரை காத்திருக்க முடியாத நேரங்களும் உண்டு. மேலாளர் எதிரே நின்று பதில் கேட்கிறார். பிள்ளை காய்ச்சலில் முனகுகிறது. விண்ணப்பத்தின் கடைசி நாள் இன்றாக இருக்கிறது. நெகேமியாவுக்கு அப்படியொரு நேரம் வந்தது. அவர் அர்த்தக்சஸ்தா மன்னருக்குப் பானம் பரிமாறுபவர். அவருடைய முகவாட்டத்தைக் கண்ட மன்னர், உனக்கு என்ன வேண்டும் என்று வினவுகிறார். மன்னரின் கேள்விக்கும் தம் பதிலுக்கும் இடையில் நெகேமியா விண்ணகக் கடவுளிடம் மன்றாடினார் என்று நூல் சொல்கிறது. எத்தனை விநாடி இருக்கும்? மன்னரைக் காக்க வைக்க முடியாதே. அதன்பின் அவர் சொல்லும் பதிலோ மிகவும் தெளிவானது: யெருசலேமுக்குப் போக அனுமதி, வழியிலுள்ள ஆளுநர்களுக்கு மடல்கள், கதவுகளுக்கு மரம் தரும்படி அரச வனத்தின் காவலருக்கு ஒரு மடல். அந்தத் தெளிவு சில விநாடிகளில் வந்ததல்ல. எருசலேமின் மதில் இடிந்து கிடப்பதைக் கிஸ்லேவு மாதத்தில் கேள்விப்பட்டு அழுது நோன்பிருந்தவர், மன்னரிடம் பேசியது நீசான் மாதத்தில். இடையில் நான்கு மாதச் செபம் இருந்தது. அந்த நான்கு மாதங்கள் இருந்தபடியால் இந்த நான்கு விநாடிகள் போதுமாயின.

எகிப்தின் பாலைவனத் துறவிகள் இத்தகைய குறுஞ்செபங்களை அம்புபோல் எய்வார்கள் என்று புனித அகுஸ்தீனார், புரோபா என்ற கைம்பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் பாராட்டுகிறார். 70ஆம் திருப்பாடலின் தொடக்க வரியை நாள் முழுவதும் வாயில் வைத்திருக்கும்படி யோவான் கசியான் பரிந்துரைக்கிறார். கட்டளைச் செபத்தின் ஒவ்வொரு வேளையும் அந்த வரியோடுதான் தொடங்குகிறது. கரையோரங்களில் படகைத் தள்ளும்போது சிலுவை அடையாளம் வரைந்து அந்தோனியாரை அழைக்கும் நம் தொழிலாளர் இதை எந்த நூலிலும் படித்ததில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கண்ணை மூடிக்கொண்டு விவிலியத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை ஆண்டவரின் பதில் என்று எடுக்கும் பழக்கம் நம்மிடையே பரவலாய் இருக்கிறது. சீட்டுக் குலுக்குபவர்களும் இருக்கிறார்கள். கேட்டால் புனித அகுஸ்தீனாரும் அப்படித்தான் செய்தார் என்பார்கள். 386இல் மிலான் நகரத் தோட்டத்தில் அவர் நூலைத் திறந்தது உண்மை. அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் சிந்தித்தார், வாதாடினார், அம்புரோசியாரின் மறையுரைகளைக் கேட்டார், தன்னோடு தானே போராடினார் என்பதும் உண்மை. அந்த ஆண்டுகளை விட்டுவிட்டு அந்த நொடியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. இறைவன் நமக்குப் புத்தியைத் தந்திருக்கிறார். கடன் பத்திரத்தை வாசித்துப் பார்ப்பதும், கணக்குத் தெரிந்தவரிடம் வட்டியைக் கேட்டறிவதும், வைத்தியரின் சொல்லைக் கேட்பதும் செபத்துக்கு எதிரானவை அல்ல. கடவுளின் வழிநடத்தல் பெரும்பாலும் ஒரு மனிதரின் வாயால் வருகிறது. அன்று அந்தத் தாய்க்கு அது என் வாயால் வரவேண்டியிருந்தது.

ஆகவே செபம் நம்மைப் பிறரிடமிருந்து விலக்கி வைக்கும் ஒன்றாக இருக்க முடியாது. யாயிரின் மகள் சாகுந்தறுவாயில் இருக்கிறாள். இயேசு விரைந்து போய்க்கொண்டிருக்கிறார். நெருக்கும் கூட்டத்தில் ஒரு பெண் அவருடைய ஆடையைத் தொடுகிறார். அவர் நின்றுவிடுகிறார், யார் தொட்டது என்று சுற்றிலும் பார்க்கிறார். இத்தனை பேர் நெருக்கும்போது இது என்ன கேள்வி என்று சீடர்கள் வியக்கிறார்கள். யாயிர் என்ன நினைத்திருப்பார் என்று மாற்கு சொல்லவில்லை; ஒரு தகப்பனாக அவர் துடித்திருப்பார். நின்ற அந்த நேரத்தில் பிள்ளை இறந்துபோன செய்தியும் வருகிறது. ஆயினும் நின்றதற்காக இயேசு வருந்தவில்லை. இரண்டு பெண்களும் அன்று வாழ்வு பெற்றார்கள். கூட்டத்தின் நெருக்குதலுக்கும் ஒருவரின் தொடுகைக்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறிந்திருந்தார். விடியுமுன் அவர் கழித்த அந்த மணித்தியாலங்களே அவரை அப்படி அறியப் பழக்கின என்று நான் நினைக்கிறேன்.

நமது மண்ணில் இதை வாழ்ந்து காட்டியவர் புனித யோசவ் வாஸ் அடிகளார். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்திற்கு வந்தார். செபமாலையைக் கழுத்தில் அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார் என்பது நம்மிடையே வழங்கிவரும் வரலாறு. அந்த மணிகளைக் கண்டதும் எந்த வீட்டாரின் முகம் மாறுகிறது என்று பார்ப்பதற்காகவே அப்படிச் செய்தார். கழுத்தில் செபம், கண் மனிதரின் முகத்தில்! 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, மக்கள் நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, அவர் ஓடாமல் நின்று பணிவிடை செய்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அந்தத் திரளில் நின்ற எத்தனையோ பேர் தொலைவிலிருந்து இரவிரவாகப் பயணித்து வந்திருந்தார்கள்.

யாழ் நகரில் நண்பகல் வேளையில் நின்று பாருங்கள். தேவாலய மணி அடித்து ஓய, இந்துக் கோவிலின் மதியப் பூசை மணி கேட்கும். சற்றைக்கெல்லாம் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பு எழும். வீதியிலோ எந்த வாகனமும் வேகத்தைக் குறைப்பதில்லை. நமது ஊரில் செபத்துக்கு அழைப்புக் குறைவில்லை.

அந்தத் தாயின் கடன் கட்டி முடிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பங்கிலிருந்து இயன்ற உதவியைச் செய்தோம்; அது தாமதித்து வந்த உதவி. மகள் மீண்டும் பரீட்சை எழுதவில்லை. இப்போது வேறொரு பங்கில் இருக்கிறேன். இங்கே மணிக்குக் கயிறுதான். கோவில் பணியாளரான முதியவர் ஒருவர் அடிக்கிறார், சில நாட்களில் ஐந்து நிமிடம் பிந்தியும் அடிக்கிறார். நானும் பிந்துகிறேன். கடந்த வாரத்தில் நண்பகலில் நின்று செபித்த நாட்கள் நான்கு மட்டுமே.

அந்த நான்கில் ஒன்று வியாழக்கிழமை. மணி அடிக்கையில், காலையில் வாசல்வரை வந்து, நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு திரும்பிப் போன ஒருவரின் முதுகு நினைவுக்கு வந்தது. முகத்தைப் பார்த்திருக்கவில்லை, சட்டையின் நிறத்தைச் சொல்லிக் கோவில் பணியாளரிடம் விசாரித்தேன். யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு சிறுவனைச் சைக்கிளில் அனுப்பினோம். அரை மணித்தியாலத்தில் அவர் வந்தார். சின்ன விடயம்தான், மகனுடைய திருமுழுக்குச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை. பதிவேட்டை எடுத்துப் பார்த்துத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டு, இந்த வருடக் கடல் எப்படி இருக்கிறது என்று இருபது நிமிடம் கதைத்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.